லேமினேட் போடுவதற்கு முன் தரையைக் கவனியுங்கள்

தரையில் விரிக்கிற லேமினேட் பலகை வாங்கப் போகிறவர்கள் தேக்கு நிறமா வால்நட் நிறமா என்று வீட்டில் நாள்கணக்கில் பேசுகிறார்கள், அது உட்காரப் போகிற தரையை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம். பலகையின் உள்பகுதி அழுத்திச் செய்த மரநார்தான். ஈரம் ஏறினால் ஓரங்கள் உப்பும், காய்ந்தாலும் பழையபடி இறங்காது.

அதனால் முதலில் ஈரத்தைப் பாருங்கள், அதுவும் சென்னை மாதிரி ஊரில் தரைத்தள வீடு என்றால் கட்டாயம். கனமான பாலிதீன் ஷீட் ஒன்றைச் சிமெண்ட் தரையில் விரித்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ வேலையைத் தள்ளிவையுங்கள். கோடையில் காய்ந்து கிடக்கிற தரை ஐப்பசியில் வேறு முகம் காட்டும், முடிந்தால் மழை சமயத்தில் சோதியுங்கள். புது கான்கிரீட் என்றால் 28 நாள் ஆகிவிட்டதே என்பார்கள். அது பலத்துக்கான கணக்கு, உள்ளே இருக்கிற ஈரம் போக மாதக்கணக்கில் ஆகும். தரை காய்ந்திருந்தாலும், பலகைக்குக் கீழே மெத்தென்று போடுகிற ஃபோமுக்கு அடியில் 200 மைக்ரான் பாலிதீன் விரித்துவிடுங்கள்.

அப்புறம் மட்டம். 2 மீட்டர் மட்டப்பலகையை எல்லாத் திசையிலும் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தைச் சாக்பீஸால் வட்டமிடுங்கள். பொதுவாக 3 மி.மீ. வரை பள்ளம் இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. மேட்டை கிரைண்டரால் தேய்க்க வேண்டும், பள்ளத்துக்கு பிரைமர் அடித்து தானே பரவி மட்டமாகிற செல்ஃப் லெவலிங் கலவை ஊற்ற வேண்டும். "ஃபோமை ரெண்டு மடிப்பா போட்டா சரியாயிடும் சார்" என்று ஃபிட்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மிதிக்கும்போதெல்லாம் பலகை அமுங்கி எழுந்து, இணைப்பு உடைந்துபோகும். தரை முழுக்க ஒரே சீராக லேசாகச் சரிந்திருந்தால் கவலை இல்லை, மேடுபள்ளம்தான் ஆபத்து.

பழைய டைல்ஸ் மேலேயே போடலாம். ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் வந்தால் பெயர்த்துவிட்டுப் பூச வேண்டும். கரையான் தடம் இருந்தால் அதற்கான மருந்தும் இப்போதே அடித்தாக வேண்டும். 8 மி.மீ. பலகை, 2 மி.மீ. ஃபோம் சேர்ந்து தரை 10 மி.மீ. உயரும், எனவே கதவின் அடியைச் சீவ ஆசாரியை முன்கூட்டியே வரச் சொல்லுங்கள். கடைசியாக நன்றாகக் கூட்டி, முடிந்தால் வேக்குவமும் போடுங்கள். ஃபோமுக்கு அடியில் மாட்டிய மணல் நடக்கும்போது நறநறக்கும்.