முகாம் முடிந்த மறுநாள்

கிராமங்களில் நடக்கும் இலவச மருத்துவ முகாம்களுக்குத் தன்னார்வலராகச் செல்லத் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவர் அல்லன். பதிவு மேசையில் அமர்ந்து பெயர், வயது, உபாதை ஆகியவற்றை எழுதிச் சீட்டுக் கொடுப்பதும், முதியவர்களைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மருத்துவர் முன் அமர்த்துவதுமே என் வேலை. முதல் முகாமின் மாலையில் சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது முந்நூறைத் தாண்டியிருந்தது. முந்நூறு பேருக்கு நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன்.

அந்த நிறைவு ஓராண்டுதான் நீடித்தது. மறு ஆண்டு அதே ஊருக்குச் சென்றபோது, முதல் முகாமில் நாங்கள் கொடுத்த சீட்டை ஒரு மூதாட்டி நான்காக மடித்துப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்திருந்தார். இரத்த அழுத்தம் அதிகம், 15 நாள்களுக்கு மாத்திரை வழங்கப்பட்டது என்று அதில் என் கையெழுத்திலேயே இருந்தது. மாத்திரை தீர்ந்த பிறகு என்ன செய்தீர்கள் அம்மா என்று கேட்டேன். "நீங்க திரும்ப வருவீங்கன்னுதான் இருந்தேன்" என்றார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் முந்தைய ஆண்டைவிடக் கூடுதலாக இருந்தது. அவர் எங்களைக் குறை சொல்லவில்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது.

உயர் இரத்த அழுத்தமும் நீரிழிவும் வாழ்நாள் முழுவதும் உடன்வரும் நோய்கள். ஒரு நாள் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்கு மருந்து கொடுத்துவிட்டு, அடுத்த மாத்திரை எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்லாமல் வந்துவிட்டால், நாம் அவருக்குக் கொடுத்தது பெரும்பாலும் ஒரு கவலையைத்தான். முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்புரை போன்ற நோய்க்கு முகாம் மிகப் பொருத்தமானது. ஒரு முறை அறுவை சிகிச்சை செய்து விழியாடி (லென்ஸ்) பொருத்தினால் பார்வை திரும்பிவிடுகிறது. ஆனால் அங்கேயும் 'இலவசம்' என்ற சொல் நாம் நினைக்கும் அளவுக்கு எளிதானதன்று.

மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976ஆம் ஆண்டு மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களைக் கொண்டே கண் அறுவை சிகிச்சையைப் பழகி, ஆயிரக்கணக்கானோருக்குப் பார்வை தந்தவர் அவர். கிராமம் கிராமமாக முகாம் நடத்தி, தேவைப்படுவோரைப் பேருந்தில் அழைத்து வந்து, கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்து, திரும்பக் கொண்டுபோய் விடும் முறையை அந்நிறுவனம் வளர்த்தெடுத்தது. அத்தனை ஏற்பாடு இருந்தும், முகாம் நடந்த ஊர்களில் கண் குறைபாடு உடையோரில் எத்தனை பேர் உண்மையில் வந்தனர் என்று ஆராய்ந்தபோது, 100 பேருக்கு ஏறத்தாழ 7 பேர்தான் வந்திருந்தனர் என்பது தெரிந்தது. பயம், வேலையை விட முடியாமை, துணைக்கு வர ஆள் இல்லாமை, வழிச்செலவு, வயதாகிவிட்டால் பார்வை மங்கத்தானே செய்யும் என்ற எண்ணம் எனத் தடைகள் பலவாக இருந்தன. முகாமுக்கு வந்த முந்நூறு பேரை எண்ணி மகிழ்ந்த நான், வராமல் வீட்டில் இருந்தவர்களைப் பற்றி ஒரு கணமும் யோசித்ததில்லை என்பதை இதைப் படித்த நாளில்தான் உணர்ந்தேன். பின்னாளில் அரவிந்த் நிறுவனம் கிராமப்புறங்களில் நிலையான பார்வை மையங்களைத் திறந்து, அங்கே பயிற்சி பெற்ற பணியாளரை இருத்தி, மருத்துவமனையில் உள்ள கண் மருத்துவரைத் தொலைத்தொடர்பு வழியாகக் கலந்துபேசச் செய்தது. எப்போதோ வரும் முகாமுக்குப் பதிலாக எப்போதும் திறந்திருக்கும் ஒரு கதவு மக்களுக்குக் கிடைத்தது.

இந்தக் கதவைத் திறந்து வைப்பவர் மருத்துவராகத்தான் இருக்க வேண்டுமா என்ற கேள்விக்கு, மகாராஷ்டிர மாநிலத்தின் ஜாம்கேட் 1970ஆம் ஆண்டிலிருந்து விடை சொல்லிவருகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் அங்கே பணியைத் தொடங்கினர். பயிற்சி பெற்ற செவிலியரைக் கிராமங்களில் தங்கவைக்கலாம் என்பது அவர்களுடைய முதல் திட்டம், அது சரிவரவில்லை. ஆகவே அந்தந்த ஊர் மக்களே தேர்ந்தெடுத்த பெண்களை, அவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றபோதிலும், ஊர் நலப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தனர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுப்பது, கருவுற்ற பெண்ணைத் தொடர்ந்து கவனிப்பது, காசநோயாளி மருந்தை இடையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர்கள் பொறுப்பாயின. குடிநீருக்காக ஆழ்துளைக் கிணறுகள் அமைத்தபோது, கைப்பம்புகளைத் தலித் மக்களின் குடியிருப்புகளில் நிறுவச் செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும்; எல்லாச் சாதியினரும் அங்கே வந்து தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. தொடக்கத்தில் 1000 பிறப்புகளுக்கு 176 ஆக இருந்த சிசு மரணம், பிற்பாடு 30க்கும் கீழே இறங்கியது.

என்னை மிகவும் கவர்ந்தது அதே மகாராஷ்டிரத்தில் உள்ள கட்சிரோலி. அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவத் தம்பதியர் 1980களின் நடுவில் அந்த மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தனர். குழந்தையின் மூச்சு வேகத்தைக் கொண்டு நிமோனியாவை அறியலாம். ஆனால் ஊரில் பேறு பார்க்கும் பெண்களுக்கு அத்தனை தூரம் எண்ணத் தெரியாது. அதற்காக ஒரு நிமிட மணற்கடிகாரத்தையும் மணிகள் கோத்த சட்டத்தையும் இணைத்து, மணியைத் தள்ளிக்கொண்டே மூச்சைக் கணக்கிடும் ஓர் எளிய கருவியைச் செய்து கொடுத்தனர். எண்ணத் தெரியாதவரை விலக்காமல், அவருக்கு ஏற்றவாறு கருவியை மாற்றிய அந்த மரியாதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பின்னர் 39 கிராமங்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீட்டுக்கே சென்று பச்சிளங்குழந்தையை எடை பார்த்து, வெப்பநிலை அளந்து, நோய்த்தொற்றின் அறிகுறி தென்பட்டால் ஊசி மருந்தும் கொடுத்தனர். பச்சிளங்குழந்தைகளின் இறப்பு, இந்தப் பணி நடக்காத ஒப்பீட்டு ஊர்களோடு பார்க்கையில் 62 விழுக்காடு குறைந்தது என்று 1999ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. இன்று நாடெங்கும் ஆஷா எனப்படும் ஊர் நலப் பணியாளர்கள் பிரசவித்த வீடுகளுக்குச் சென்று குழந்தையைப் பார்க்கும் திட்டத்துக்கு இந்த அனுபவம் அடிப்படையாக அமைந்தது.

தமிழ்நாட்டில் இதே வழியில் நடந்தவர்கள், தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே உள்ள சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் 1993ஆம் ஆண்டு பணியைத் தொடங்கிய மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும். ஓலைக்குடிசையில் தொடங்கிய அந்த மருத்துவமனையில், மலைவாழ் இளம்பெண்களே செவிலியப் பணிக்குப் பயிற்சி பெற்றனர். காலப்போக்கில் இயற்கை வேளாண்மையும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் கலையும் அந்தப் பணியோடு சேர்ந்தன. வருவாய் இல்லாத வீட்டில் மருந்து மட்டும் எவ்வளவு நாள் காப்பாற்றும் என்ற கேள்வி, அங்கேயே தங்கிய மருத்துவர்களுக்குத்தான் எழுந்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்களைப் போன்ற சிறிய குழுக்களால் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனாலும் அந்த மூதாட்டியின் பதிலுக்குப் பிறகு சிலவற்றை மாற்றிக்கொண்டோம். ஆண்டுக்கு ஒரு முறை பெரிய முகாம் என்பதை விட்டுவிட்டு, மூன்றே ஊர்களைத் தேர்ந்தெடுத்து, மாதந்தோறும் இரண்டாம் ஞாயிறு தவறாமல் செல்கிறோம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் எந்த மருந்துகள் இருப்பில் உள்ளன என்று முன்கூட்டியே கேட்டறிந்து, அவற்றையே எழுதித் தருமாறு மருத்துவர்களை வேண்டிக்கொள்கிறோம். நாங்கள் போகாத நாளிலும் அதே மாத்திரை அவர்களுக்குக் கிடைக்க வேண்டுமல்லவா? யாரோ மிச்சம் வைத்த மருந்துகளையும், காலாவதிக்குச் சில வாரங்களே எஞ்சிய மாதிரிப் பொட்டலங்களையும் நன்கொடையாக ஏற்பதில்லை. இதனால் சில நன்கொடையாளர்கள் மனவருத்தம் அடைந்தார்கள், அதைப் பொறுத்துக்கொண்டோம்.

ஒவ்வொரு நோயாளிக்கும் கையில் ஒரு குறிப்பேடு உண்டு. அதே பதிவு எங்களிடமும் ஒரு பேரேட்டில் இருக்கிறது. நண்பகல் வரை வந்தவர்களின் பெயருக்கு எதிரே அன்றைய அளவுகளைக் குறித்துக்கொண்டே வருவேன். பிற்பகலில் வெறுமையாக நிற்கும் கட்டங்களுக்கு உரியவர்களின் பெயர்களைத் தனித்தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியுடன் நானும் ஒரு செவிலியரும் அவர்கள் வீடுகளுக்குப் புறப்படுகிறோம்.