கார்பிமசோல் சாப்பிடுகிறவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும்

எனக்குத் தைராய்டு அதிகமாகச் சுரப்பதாகக் கண்டுபிடித்ததும், கார்பிமசோல் எழுதியதும் சிக்கலில்லாமல் முடிந்தன. அந்த மாத்திரை புதிதாக ஹார்மோன் உண்டாவதைத்தான் தடுக்கும். சுரப்பியில் ஏற்கெனவே சேர்ந்திருப்பது தீர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை படபடப்புக்கும் கைநடுக்கத்துக்கும் ப்ராப்ரனலால்.

வினை வந்தது தொண்டை வலியில். காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே சி.பி.சி. என்கிற ரத்த அணுக்கள் பரிசோதனையைப் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ஆயிரத்தில் சில பேருக்கு, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள், வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்துவிடுமாம்.

ஏற்காட்டில் பனி இறங்கினால் யாருக்குத்தான் தொண்டை கட்டாது? இங்கே ஒரு கிளினிக்கில் மாத்திரை டப்பாவை நீட்டினேன். "குளிருக்கு வர்றதுதாம்மா, உப்புத் தண்ணியில கொப்பளிங்க" என்று பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் படிக்கவில்லை.

காய்ச்சலோடு 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்கு வந்தேன். லேப் கவுன்ட்டரில் இருந்த பெண், "சீட்டு இல்லாம சி.பி.சி. எடுக்க மாட்டோங்க்கா. டாக்டர் சாயங்காலம்தான் வருவாரு" என்றாள். என் டாக்டரின் போனோ எடுபடவில்லை. "வேணும்னா ஃபுல் பாடி பேக்கேஜ் எடுத்துக்கங்க, ஆஃபர்ல இருக்கு. அதுக்குச் சீட்டு வேண்டாம்." அட்டையை வாங்கிப் பார்த்தேன். கொலஸ்ட்ரால், சர்க்கரை, சிறுநீரகம், அப்புறம் மூன்றாவது வரியில் சி.பி.சி.! எரிச்சலோடு பணத்தைக் கட்டி, அந்த ரிசல்ட்டை மட்டும் முதலில் கேட்டு வாங்கினேன்.

மொத்த வெள்ளை அணு எண்ணிக்கையோடு நின்றுவிடாதீர்கள். பார்க்க வேண்டியது அதில் நியூட்ரோஃபில் என்கிற, கிருமிகளை எதிர்க்கும் வகை. மைக்ரோலிட்டருக்கு 500க்குக் கீழே போனால் ஆபத்து, உடனே அட்மிஷன்தான். எனக்கு 3,000க்கு மேல் இருந்தது. சாயங்காலம் டாக்டர் பார்த்துவிட்டு, வெறும் வைரஸ் காய்ச்சல்தான், மாத்திரையைத் தொடருங்கள் என்றார்.

விடாமல் நச்சரித்து, "காய்ச்சல் அல்லது தொண்டை வலி வந்தால் அவசரமாக சி.பி.சி., நியூட்ரோஃபில் எண்ணிக்கையோடு" என்று தேதி போடாத சீட்டு ஒன்றும் எழுதி வாங்கினேன். முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள். குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் அதையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்.