வெளியில் தெரியாத அதிர்வு

சில வருடங்களாக என் உடலுக்குள் ஓர் அதிர்வு இருந்து வருகிறது. பெரும்பாலும் பாதங்களில் தொடங்கித் தொடை வரை ஏறும். சில நாட்களில் விலாவுக்குள் மட்டும் தங்கிவிடும். கைகளை நீட்டிப் பார்த்தால் விரல்கள் நடுங்குவதில்லை. அருகில் இருப்பவர் என் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாலும் அவருக்கு எதுவும் தட்டுப்படுவதில்லை. பக்கத்து அறையில் ஓடும் மோட்டாரின் அதிர்வு சுவர் வழியாக வந்து உடம்பில் ஏறுவதைப் போல இருக்கிறது என்றுதான் மருத்துவர்களிடம் சொல்லி வருகிறேன். வலி இல்லை, அரிப்பு இல்லை, தசை துடிப்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. படுத்து அசையாமல் இருக்கும்போது அதிகமாகவும், நடக்கத் தொடங்கியதும் காணாமல் போவதாகவும் இருக்கும் ஒன்றை நோய் என்று சொல்வதா வேண்டாமா என்பதே எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

முதலில் சந்தேகம் வீட்டின் மேல் விழுவது இயல்பு. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ஒலியைக் காது ஓசையாகக் கேட்பதைவிட உடம்பு அழுத்தமாக உணர்வது உண்டு. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1970களிலும், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள டாவ்ஸ் (Taos) ஊரில் 1990களின் தொடக்கத்திலும் சிலருக்கு மட்டும் கேட்ட, மற்றவர்களுக்குக் கேட்காத முழக்கத்தைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. ஆகவே அகன்ற பாத்திரத்தில் நீர் நிரப்பித் தரையில் வைத்துப் பார்ப்பதும், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்துப் பார்ப்பதும், வேறொரு கட்டடத்தில் ஓர் இரவு தங்கிப் பார்ப்பதும் வீண் வேலை அல்ல. அதிர்வு கூடவே வந்தால் அது உடம்பைச் சேர்ந்தது. என்னுடையது கூடவே வந்தது.

எந்த உடலும் முற்றிலும் அசைவற்று இருப்பதில்லை என்பது இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகே எனக்கு உறைத்தது. கட்டைவிரல்களால் காதுகளை அடைத்துக்கொண்டு கைகளை இறுக்கி மூடினால் கேட்கும் தாழ்ந்த உறுமல், சுருங்கும் தசையிழைகள் எழுப்பும் ஒலி. இங்கிலாந்து விஞ்ஞானி வில்லியம் ஹைட் வொல்லஸ்டன் 1810இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இதயம் இரத்தத்தை வெளியே தள்ளும் ஒவ்வொரு முறையும் முழு உடலும் மிகச் சிறிய அளவில் எதிர்த்திசையில் உதைபடுகிறது, அதை அளக்கவே தனிக் கருவிகள் உண்டு. ஆரோக்கியமான கைகளில்கூட நொடிக்குச் சுமார் 8 முதல் 12 முறை நுண்ணிய நடுக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் மூளை வழக்கமாக வடிகட்டிவிடுகிறது. எனவே எங்கிருந்து அதிர்வு வருகிறது என்ற கேள்வியோடு, வடிகட்டப்பட வேண்டியது ஏன் எனக்கு மட்டும் எட்டுகிறது என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. மூளையே அதிர்வை உண்டாக்கிவிடுவதும் அரிதான செய்தி அல்ல: 2010இல் வெளியான ஓர் ஆய்வில், கைபேசியோ பேஜரோ வைத்திருந்த மருத்துவமனைப் பணியாளர்களில் 68 விழுக்காட்டினர், கருவி அதிராதபோதே அதிர்ந்ததாக உணர்ந்ததைச் சொல்லியிருந்தனர். அவர்களை யாரும் நோயாளிகள் என்று சொல்லவில்லை.

இதைச் சொல்வதால் பரிசோதனை தேவையில்லை என்று பொருள் கொள்ள வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு அதிகமாகச் சுரத்தல், இரத்தச் சர்க்கரை தாழ்தல், நீரிழிவால் நரம்பு கெடுதல் ஆகியவை முதலில் பார்க்கப்பட வேண்டியவை, கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருத்துவம் உள்ளவை. நீரிழிவுக்காக மெட்ஃபார்மினையோ, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளையோ நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 குறையக்கூடும். பி12 மாத்திரையைத் தானாக வாங்கி விழுங்கிவிட்டுப் பிறகு இரத்தம் கொடுத்தால் அளவு சரியாக இருப்பதாகவே அறிக்கை வரக்கூடும் என்பதால், சோதனைக்குப் பிறகே தொடங்குவது நல்லது. ஆஸ்துமாவுக்கான சால்புட்டமால், அதிகப்படியான காபி, மனச்சோர்வுக்கான மருந்துகளைத் திடீரென்று நிறுத்துதல் ஆகியவையும் இப்படிப்பட்ட உணர்வைத் தரலாம். கழுத்தை முன்னோக்கி வளைக்கும்போது மின்சாரம் பாய்ந்ததுபோல் முதுகில் ஓடினால் அது தண்டுவடத்தைச் சுட்டும் தனி அறிகுறி. அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். கோவிட் தொற்றுக்குப் பின் தொல்லைகள் நீடித்தவர்களிடம் யேல் பல்கலைக்கழகத்தினர் நடத்திய ஆய்விலும் இந்த உள் அதிர்வு பலரால் கூறப்பட்டது.

இணையத்தில் தேடுபவர்கள் எல்லோரும் கடைசியில் போய் நிற்கும் இடம், நடுக்கத்தையும் அசைவு மந்தத்தையும் தரும் மூளை நோயான பார்க்கின்சன்தான். அந்த நோய் உள்ளவர்களில் கணிசமானவர்களுக்கு வெளியே தெரியாத உள் நடுக்கம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. உள் நடுக்கம் மட்டும் உள்ள ஒருவருக்கு பார்க்கின்சன் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை அது சொல்வதில்லை; அசைவுகள் மந்தப்படுதல் என்ற அடிப்படை அறிகுறி இல்லாமல் அந்த நோயை மருத்துவர்கள் உறுதிசெய்வதும் இல்லை. நரம்பியல் மருத்துவர் விரல்களைத் தட்டச் சொல்வதும், நடக்கச் சொல்லிப் பார்ப்பதும், மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பதும் இதற்காகவே. பல நாட்கள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்ததைவிட அந்தச் சில நிமிடப் பரிசோதனை எனக்கு அதிகமாகச் சொன்னது.

அப்போது அவர் தட்டினால் அதிரும் உலோகக் கவையான 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டி என் கால் பெருவிரல் எலும்பின் மேல் வைத்தார். அதை நான் சரியாக உணர்ந்தேன், அது நின்ற நொடியையும் சொன்னேன். உள்ளே ஓடிய அதிர்வு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. தடித்த நரம்பிழைகள் அதிர்வுணர்வைச் சரியாகவே கடத்துகின்றன என்பதை இது காட்டியது, நரம்புக் கடத்தல் சோதனையும் அதையே சொன்னது. வலியையும் வெப்பத்தையும் கடத்தும் மெல்லிய இழைகளை அந்தச் சோதனையால் அளக்க முடியாது. அவற்றில் சந்தேகம் இருந்தால் தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பார்கள். அறிக்கை இயல்பாக இருக்கிறது என்றால் அந்தச் சோதனை தேடியது கிடைக்கவில்லை என்று அர்த்தம். அதைத் தாண்டி எதையும் அந்தத் தாளிலிருந்து படிக்க முடியாது, ஆறுதலையும் அச்சத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பதற்றத்தால் வருகிறது என்று ஒரு மருத்துவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அட்ரினலின் கூடினால் தசைகளின் நுண்ணிய நடுக்கமும் உண்மையிலேயே கூடும், கவனம் குவியும் இடத்தில் உணர்வு பெருகும். காரணம் அதுதானா என்று தெரியாவிட்டாலும், மணிக்கொரு முறை உடம்பைத் துழாவிப் பார்ப்பதை நிறுத்திய பிறகு இரவுகள் எளிதாயின. இப்போது காலையில் ஒரு வரி மட்டும் எழுதுகிறேன்: எந்த இடம், எவ்வளவு நேரம், முந்தைய இரவு தூக்கம் எப்படி, புதிய மருந்து உண்டா. படுக்கையில் கெண்டைக்கால் அழுந்தாமல் ஒருக்களித்துப் படுப்பதும், அறையில் மெல்லிய ஓசை ஓடவிடுவதும் எனக்கு உதவுகின்றன. இவை எல்லோருக்கும் உதவும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஒரு பக்கக் கைகாலில் பலம் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ, முகம் ஒருபுறம் இழுத்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலோ, தொடைகளின் உட்புறம் மரத்தாலோ குறிப்பேட்டை எடுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடையில் தள்ளாட்டம் மெல்ல மெல்லக் கூடுவதையும் அடுத்த சந்திப்புவரை தள்ளிப்போடக் கூடாது. இவை எதுவும் எனக்கு இல்லை. ஆகவே இரத்தச் சோதனைகளையும் நரம்பியல் பரிசோதனையையும் ஆண்டுக்கொரு முறை செய்துகொள்வது, புதிய அறிகுறி இல்லாமல் எம்.ஆர்.ஐ. மீண்டும் எடுப்பதில்லை என்று மருத்துவரும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.