பதிவாளர் அறைக்குப் போன ஒலியியல் சார்

பேச்சொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று எங்களுக்குச் சொல்லித்தந்த சார் காலமான செய்தி வந்ததும் நினைவு மலருக்கு யாராவது எழுதுங்கள் என்று செயலாளர் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நானே எழுதுகிறேன். அவரிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்ற தகுதி போதாதா?

ஆய்வகம் ஞாபகம் இருக்கும். கரித்தூளை எண்ணெயில் குழைத்து ஒரு மாணவரின் நாக்கில் பூசுவார்; நாக்கை மேலே மடக்கிச் சொல்லும் வளைநா ஒலி என்றால் அடிப்பக்கத்தையும் விடமாட்டார். ஒரே ஒரு முறை ஒலிக்க வேண்டும். பிறகு எச்சில்கூட விழுங்காமல் வாயைத் திறந்தபடி உட்கார வேண்டும். சின்னக் கண்ணாடியை உள்ளே சாய்த்துப் பிடித்து, வகுப்பையே வரிசையில் வரச் சொல்வார். நாக்கு தொட்ட இடமெல்லாம் கரி. ளகரம் என்றால் அண்ணத்தின் நடுவில் கரி ஒட்டியிருக்கும். ழகரத்துக்கு நடுப்பகுதி சுத்தமாக இருக்கும். பாதி நாள் அந்த வாய் என்னுடையதுதான்.

அவரைத்தான் பல்கலைக்கழகப் பதிவாளராக்கினார்கள். தமிழ் மொழியியலாளர்களுக்கு நிர்வாக நாற்காலிகள் புதிதல்ல. தெ.பொ. மீனாட்சிசுந்தரம் 1966இல் மதுரைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். புறநானூற்றின் சொற்களையெல்லாம் பட்டியலிட்டுச் சொல்லடைவு செய்த வ.அய். சுப்பிரமணியம் 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். ச. அகத்தியலிங்கமும் பின்னாளில் அங்கே துணைவேந்தரானார். இலக்கணம் தெரிந்தவருக்கு விதி போடவும் தெரியும் என்று அரசாங்கம் நினைத்ததோ என்னவோ! பல்கலைக்கழகங்களுக்கு லாபம்தான். வகுப்பறைக்கு என்ன ஆயிற்று என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

வெளிநாட்டில் இடம் கிடைத்து, மதிப்பெண் சான்றிதழ் அவசரமாகத் தேவைப்பட்டபோது, நம்ம சார்தானே என்று நேரே அவர் அறைக்குள் போய்விட்டேன். விண்ணப்பத்தைப் புரட்டினார். நூலகத்தின் நிலுவையில்லாச் சான்று இல்லை. "பிரிவு எழுத்தர் வழியா வாங்க" என்றார். என் நாக்கில் கரி பூசிய மனிதர் என்னை 'வாங்க' என்றதைத்தான் தாங்க முடியவில்லை. சுற்றியிருந்த ஆட்கள் முன்னால் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்து வரிசையில் நின்றேன். விமானம் ஏறும்வரை அவரைப் பார்க்கப் போகவில்லை.

இப்போது என் மேசைக்கு வரும் பிள்ளைகளிடம் நானும் அதையேதான் சொல்கிறேன், ஆங்கிலத்தில், இன்னும் இனிமையாக.

ஓய்வு பெற்றதும் கடிதம் போட்டிருந்தார், பழையபடி 'வாப்பா' என்று. நீலகிரிச் சரிவில் தாம் ஒலிப்பதிவு செய்த இருளர் பழங்குடியினரின் பேச்சு நாடாக்கள் அலமாரியில் கிடக்கின்றன, நாக்கு வாயின் நடுவில் நிற்கப் பிறக்கும் அந்த மொழியின் நடு உயிரொலிகளைப் பிரித்துக் கேட்க இளங்காது வேண்டும், விடுப்பு எடுத்துக்கொண்டு வா, இலக்கணத்தை முடித்துவிடலாம் என்று எழுதியிருந்தார். எனக்கு அப்போதுதான் துணை டீன் பதவி வந்திருந்தது. பதவிக்காலம் முடிந்ததும் வருகிறேன் சார் என்று பதில் போட்டேன். முடிந்ததும் டீன் ஆக்கினார்கள்.