விலாங்கு ஏணி: அடியையும் உச்சியையும் கவனியுங்கள்

ஆற்றில் மேலே போகிற விலாங்கு மீன் அணையைத் தாண்ட, சாய்தளமாக அமைக்கும் பாதைதான் விலாங்கு ஏணி. அதை அமைக்க நினைப்பவர்கள் முதலில் உயரத்தைப் பார்த்துத்தான் மலைக்கிறார்கள். பற்றிக்கொள்ள ஏதாவது கிடைத்தால் விலாங்கு நல்ல உயரமும் ஏறும். பாதை வீணாவது அது நுழைகிற இடத்திலும், வெளியேறுகிற இடத்திலும்தான்.

முதலில் இரவில் டார்ச்சோடு போய், அணையடியில் அவை எங்கே கூடுகின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் கரையோரம், வேகம் குறைந்த இடமாக இருக்கும். சாய்தளத்தின் அடி எப்போதும் தண்ணீருக்குள் முழுகியிருக்க வேண்டும். மின் உற்பத்தியைப் பொறுத்து அணைக்குக் கீழே நீர்மட்டம் ஏறி இறங்கும். அடி அந்தரத்தில் நின்றால் ஏற வழியில்லை. கடைசித் துண்டைக் கீல் வைத்து மிதவையில் கட்டிவிடுங்கள். அணைக்கு மேலே உள்ள ஆற்று நீரையே தனிக் குழாயில் அடிவாசல் பக்கம் விழ விடுங்கள். அந்த நீரின் வாடைக்குத்தான் விலாங்கு வரும்.

சரிவு 35 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. பலகையில் பிரஷ் குச்சங்கள்: குஞ்சுகளுக்கு 14 மி.மீ. இடைவெளி, பெரியவற்றுக்கு 20 மி.மீ. அளவில். பலகையைப் பக்கவாட்டிலும் சற்றுச் சாய்த்தால் ஒரு ஓரத்தில் ஈரம் மட்டும் படர்ந்திருக்கும். பொடிக் குஞ்சுகள் அந்த ஓரமாகவே ஏறும். மேலே மூடி அவசியம், இல்லாவிட்டால் கொக்குக்கும் எலிக்கும் விருந்து.

உச்சியில் தொட்டி வைத்துப் பிடித்தால், அதன் வாயில் உள்பக்கம் வளைந்த விளிம்பு வேண்டும். பத்து செ.மீ.க்குக் குறைவான குஞ்சு ஈரச் சுவரில் ஒட்டிக்கொண்டே செங்குத்தாக ஏறித் தப்பிவிடும். சூடான இரவில் கூட்டமாக வந்து குவியும்போது தொட்டிக்கு நீர் தரும் பம்பு நின்றால் விடிவதற்குள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். காற்றூட்டிக்குத் தனி பேட்டரி கொடுங்கள். தினமும் காலையில் தொட்டியைக் காலி செய்யுங்கள்.

வெளியேறும் இடம் டர்பைன் வாய்க்குப் பக்கத்தில் இருந்தால், ஏறிய களைப்போடு நீரோட்டத்தில் இழுபட்டு மறுபடி கீழேயே போய்விடும். வருகிற விலாங்கின் அளவையும் பாருங்கள். கனடா–அமெரிக்க எல்லையில் செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் மோசஸ்–சாண்டர்ஸ் அணையில் கனடா பக்கம் 1974-லும், அமெரிக்கப் பக்கம் 2006-லும் ஏணி வந்தது. அங்கே வருபவை கடலை விட்டுச் சில ஆண்டுகள் ஆன, சாணுக்கு மேல் வளர்ந்த விலாங்குகள். குஞ்சுக்கான நெருக்கமான பிரஷ் அவற்றுக்கு உதவாது.

அட்லாண்டிக்கில் உள்ள சர்காசோ கடலுக்கு முட்டையிடத் திரும்பும்போது அவை இன்னும் நீளம். நீளம் கூடக்கூட டர்பைன் இதழில் அடிபடுவதும் கூடும். அதனால் அதே ஆற்றில் பெரிய விலாங்குகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, அணைகளுக்குக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள். இறங்கும் வழிக்கும் பணம் ஒதுக்காத அணையில் ஏணி மட்டும் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.