கண்ணகி சீட்டு கிடையாது

04.08.2025, திங்கள்

பிளஸ் ஒன் வகுப்புக்குச் சிலப்பதிகாரச் செயல்திட்டம் கொடுத்தாயிற்று. சார்ட் அட்டை கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நெட்டில் எடுத்த கண்ணகி படம், சுற்றிலும் ஜிகினா, பாதி வேலை அம்மாக்கள் செய்தது. போதும். ஆளுக்கொரு பாத்திரமாக மாறிப் பேச வேண்டும். பேசுவதற்கு நூலில் அடி காட்ட வேண்டும்.

சீட்டுக் குலுக்கினோம். கண்ணகி, கோவலன் பெயர்களை நான் எழுதவே இல்லை. அவர்களைப் பற்றிப் பட்டிமன்றக் கருத்து எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. மாதரி, ஐயை, கவுந்தியடிகள், வசந்தமாலை, பொற்கொல்லன், கோசிகன்...

"ஐயா, கோசிகன் யாரு?"

நல்ல ஆரம்பம்.

07.08.2025, வியாழன்

கோசிகன், மாதவியின் கடிதத்தைக் கோவலனிடம் கொண்டுபோய்க் கொடுத்தவன். புறஞ்சேரி இறுத்த காதையில் வருகிறான். அந்தச் சீட்டை எடுத்த பையன் கேட்டான்: "வழியில பிரிச்சுப் படிச்சிருப்பானா ஐயா?" நான் பதில் சொல்லவில்லை, பாட்டைப் பார்க்கச் சொன்னேன். ஓலை மண்முத்திரை இட்டது. அதில் மாதவியின் கூந்தல் நெய் வாசம் இருந்தது என்கிறார் இளங்கோ. ஆகவே பிரிக்கவில்லை என்று அவனே முடிவுக்கு வந்தான். அப்புறம்தான் வேடிக்கை. கோவலன் படித்துவிட்டு, பெற்றோருக்கும் இதே வாசகம் பொருந்துகிறதே என்று அந்த ஓலையையே அவர்களுக்குக் கொடுத்தனுப்புகிறான். "அதே லெட்டரை ஃபார்வர்ட் பண்ணிட்டானா!" வகுப்பே சிரித்தது.

12.08.2025, செவ்வாய்

மதுரையில் கண்ணகிக்கும் கோவலனுக்கும் இடம் கொடுத்த இடைக்குலப் பெண் மாதரிக்கு வீட்டுக் கணக்கு நோட்டு எழுதி வந்திருக்கிறாள் ஒரு மாணவி. கண்ணகி சமைப்பதற்காக மாதரி வீட்டில் கொடுத்தவை: பலாக்காய், வெள்ளரிக்காய், மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பால். எல்லாம் கொலைக்களக் காதையில் உள்ளவை. அடுத்த பக்கத்தில் "இன்று குடத்துப் பால் உறையவில்லை. உறியில் வெண்ணெய் உருகவில்லை" என்று ஆய்ச்சியர் குரவையில் வரும் தீநிமித்தங்களை வரவுசெலவுக்குள் கொண்டுவந்துவிட்டாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

18.08.2025, திங்கள்

பொற்கொல்லன் வாக்குமூலம். குடும்பக் கஷ்டம், மகளுக்குக் கல்யாணம் என்று சினிமாவாக எழுதி வந்திருந்தான். "எந்த அடியில் இருக்கு?" என்றேன். இல்லை. நூற்றுவர் கொல்லர் பின்தொடர வருகிறவனுக்கு என்ன கஷ்டம்? தான் திருடிய சிலம்பு வெளிப்படும் முன் ஊருக்குப் புதியவன் தலையில் கட்டிவிடுவேன் என்று அவன் வாயாலேயே வருகிறது.

திருத்தி எழுதியதில் வேறொன்று பிடித்தான். கொல்ல வந்த காவலர்களே "இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லை" என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் மந்திரம், மருந்து, நிமித்தம், தந்திரம் என்று கள்வரின் எட்டு உத்திகளைப் பாடமே நடத்துகிறான். பையன் அதை வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, குச்சியால் தட்டித் தட்டி விளக்கினான். தமிழாசிரியர் சாயல் கொஞ்சம் இருந்தது. யாரைப் பார்த்துச் செய்தான் என்று நான் கேட்கவில்லை.

21.08.2025, வியாழன்

கோப்பெருந்தேவி எடுத்தவளுக்குக் குறை: "அரசன் விழுந்ததும் தேவியும் போயிடுறாங்க ஐயா, நான் என்ன பேச?" வழக்குரை காதையின் தொடக்கத்தைக் காட்டினேன். செங்கோலும் வெண்குடையும் விழக் கண்ட கனவு அவளுடையது. அதைத் தோழிக்குச் சொல்வதாக ஒரு பக்கம் போதும், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

ஆய்வுக்கு வருகிறவர்களுக்குக் காட்டச் சுவரில் ஏதாவது ஒட்டியிருக்க வேண்டுமாம். சரி, மாதரியின் கணக்கு நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஜிகினா இல்லாமல்.