50 ரூபாய் லைசென்ஸும் இல்லாத ஸ்டிக்கரும்

நாய் லைசென்ஸுக்கு நான் கட்டிய கட்டணம் 50 ரூபாய். அதை வாங்குவதற்குள் ஆட்டோவுக்கு மட்டும் 700 ரூபாய் போனது. ஆபீஸில் இரண்டு அரை நாள் லீவு தனிக் கணக்கு.

எங்கள் நாய் கருப்பி தெருவில் பிறந்தவள். மூன்று வருடம் முன்பு ஒரு மழை நாளில் எங்கள் பார்க்கிங்கில் ஒதுங்கினாள், அப்படியே மாடி ஏறிவிட்டாள். காது ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு உண்டு. கருத்தடை ஆனதற்கு அடையாளம். வந்தபோது அவளிடம் இருந்த ஒரே ஆவணம் அதுதான். 2025 நவம்பரில், சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மைக்ரோசிப்பும் லைசென்ஸும் கட்டாயம், 24ஆம் தேதிக்குள் எடுக்காவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று செய்தி வந்தது. எங்கள் அபார்ட்மெண்ட் செயலாளர் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, கீழே ஒரு கும்பிடும் வைத்தார். மொத்தக் கட்டடத்தில் நாய் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஆன்லைனில் விண்ணப்பிப்பது பெரிய விஷயமில்லை. என் போட்டோ, முகவரிச் சான்று, நாயின் போட்டோ, வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று, அவ்வளவுதான். கருப்பியை சோபாவில் உட்கார வைத்து எடுத்த போட்டோவில் இரண்டு கண் மட்டும் மின்னியது. மொட்டை மாடியில் வெள்ளை பெட்ஷீட் விரித்து மறுபடி எடுத்தேன். நீங்களும் கறுப்பு நாய் வைத்திருந்தால் நேரே மாடிக்குப் போய்விடுங்கள்.

சிக்கல் தடுப்பூசிப் புத்தகத்தில் இருந்தது. ஊசி போட்டதும் மருந்துக் குப்பியில் இருக்கும் ஸ்டிக்கரை உரித்துப் புத்தகத்தில் ஒட்டுவார்கள். மருந்தின் பெயர், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாம் அதில்தான் இருக்கும். எங்கள் புத்தகத்தில் பிப்ரவரி மாதக் கட்டத்தில் பால்பாயிண்ட் பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தது. ஸ்டிக்கர் இல்லை, கையெழுத்து இல்லை, சீலும் இல்லை. ஒன்பது மாதமாக அலமாரியில் கிடந்த புத்தகம். ஒரு தடவையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

ஊசி போட்ட கிளினிக்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் புத்தகத்தைக் கையில் வாங்கவே இல்லை.

"அந்த டாக்டர் போயிட்டாரு மேடம். இப்ப இருக்கிறவர், தான் போடாத ஊசிக்கு எப்படிக் கையெழுத்துப் போடுவாரு?"

"ரெஜிஸ்டர்ல இருக்குமேண்ணா, கொஞ்சம் பாருங்களேன்."

"பழசெல்லாம் பரண் மேல கிடக்கு. பேசாம இன்னொரு ஊசி போட்டுக்குங்க, இன்னிக்கே சர்டிபிகேட் தர்றோம்."

போட்ட ஊசிக்கு மறுபடியும் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. வீம்பு என்றும் சொல்லலாம். இரண்டு நாள் கழித்து மறுபடி போய், பரணில் இருந்து ரெஜிஸ்டர் இறங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிப்ரவரிப் பக்கங்களில் கருப்பியைக் காணோம். மேலும் கீழும் மூன்று முறை தேடிய பிறகுதான் என் போன் நம்பர் கண்ணில் பட்டது. பக்கத்தில் 'பிளாக்கி, பெண், நாட்டு நாய்' என்று எழுதியிருந்தது. யாரோ பெயரை இங்கிலீஷில் மாற்றி எழுதிவிட்டார்கள்! ஆனால் பேட்ச் எண் சுத்தமாக இருந்தது. புது டாக்டர் சிரித்துக்கொண்டே, 'பதிவேட்டின்படி' என்று ஒரு வார்த்தை சேர்த்துக் கையெழுத்தும் சீலும் பதிவு எண்ணும் போட்டுக் கொடுத்தார். வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டேன். ஊசி போட்ட அன்றே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்து சிப். இரண்டு ஆட்டோக்காரர்கள் நாயைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். மூன்றாமவர், வாய்மூடி போட்டிருப்பதைக் காட்டிய பிறகு, "சீட்ல ஏத்தக் கூடாது, கீழ உட்கார வைங்க" என்று ஏற்றிக்கொண்டார். சிப் போடும் மாநகராட்சி மையத்தில் காலை எட்டரைக்கே வரிசை தெருவுக்கு வந்திருந்தது. தண்ணீர்க் கிண்ணம் கொண்டு போகாதது என் தப்பு.

எனக்கு முன்னால் லாப்ரடாருடன் நின்றவரிடம் புத்தகத்தைக் காட்டி என் கதையைச் சொன்னேன். "புக்கா? எங்கிட்ட அதெல்லாம் இல்லீங்க. ஊசியும் இங்கேயே ஃப்ரீயா போடுறாங்களே" என்றார். அதற்கப்புறம் நான் யாரிடமும் பேசவில்லை.

உள்ளே போனால் வேலை ஐந்து நிமிடம்தான். ஏற்கெனவே சிப் இருக்கிறதா என்று ஸ்கேனரை முதுகில் ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு தோள்பட்டைக்கு நடுவே தோலைக் கிள்ளித் தூக்கி, கொஞ்சம் பெரிய ஊசியால் அரிசி அளவு சிப்பை உள்ளே செலுத்தினார்கள். கருப்பி ஒரு தடவை முனகினாள். மறுபடி ஸ்கேனரை வைத்ததும் 'பீப்' என்று 15 இலக்க எண் தெரிந்தது. நாய் எங்கே சுற்றுகிறது என்று இந்தச் சிப் போனில் காட்டும் என்று நினைக்காதீர்கள், எங்கள் மாமனார் அப்படித்தான் நினைத்தார். அது வெறும் எண். யாராவது ஸ்கேன் செய்தால்தான் உரிமையாளர் யார் என்று தெரியும், அதனால் போன் நம்பர் மாறினால் பதிவிலும் மாற்றச் சொல்லுங்கள். காதில் வெட்டு உள்ள நாட்டு நாய் என்றால் கழுத்துப்பட்டையும் கட்டாயம் போடுங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டு நாய் என்று யாருக்கும் தெரியாது.

லைசென்ஸ் வந்த பிறகு கெடுவை டிசம்பருக்குத் தள்ளிவைத்தார்கள். என்னத்தைச் சொல்ல!

செயலாளரிடம் லைசென்ஸைப் போனில் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "அப்ப கேட்டுல கிடக்கிற ரெண்டு தெருநாயையும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லலாமா?" என்றார். மாநகராட்சியின் புகார் எண் 1913க்குச் சொன்னால் வருவார்கள், ஆனால் 2023ஆம் ஆண்டின் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்திலேயே கொண்டுவந்து விடுவார்கள் என்றேன். தெருநாய்க்குச் சோறு வைக்க இடம் ஒதுக்குவதும் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்புதான் என்று அதே விதிகளில் இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னேன். ஒன்பது நாள் அலைந்ததில் இதையெல்லாம் படிக்க நிறைய நேரம் கிடைத்திருந்தது.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிம்மா. இதுக்கு ஒரு ஜெராக்ஸ் குடுத்துடுங்க, ஃபைல்ல வைக்கணும்."